மகனின் நாயை லண்டன் பொலிஸ் கொண்டுபோய்விட்டது: அந்தப் பேப்பரில் ஒப்பம் வைக்கலாமா?

கேள்வி: என்ர மகன் லண்டனில வேலை விசாவில இருக்கிறான். போன வருசம் கூட்டாளி ஒருத்தன் குடுத்த குட்டியை வளர்த்தவன். மிருக வைத்தியரின்ர காட்டில ‘ஸ்ராபோட் கலப்பு’ எண்டுதான் இருக்கு. பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போகேக்க பொலிஸ் மறிச்சு, தடைசெய்த எக்ஸ்எல் புல்லி எண்டு சொல்லிக் கொண்டு போட்டினம். அது ஒருத்தரையும் கடிக்கேல்லை. நாயை விட்டுக்குடுக்கிறன் எண்ட பேப்பரில ஒப்பம் வைக்கச் சொல்லுகினமாம். வைக்கலாமோ? கடிக்காத நாயைப் பிடிக்கிறது என்ன நியாயம்? எங்கட புதுக்குடியிருப்பு வளவில ரெண்டு ஏக்கர் கிடக்கு, இஞ்ச அனுப்பேலாதோ? கிராம சேவையாளரிட்ட நற்சான்றிதழ் எடுத்து அனுப்பட்டோ?
– ஒரு தாய், புதுக்குடியிருப்பு

பதில்: அம்மா, முதலில் அந்தப் பேப்பர். சட்டத்தரணி ஒருவர் பார்க்கும்வரை மகன் அதில் ஒப்பம் வைக்க வேண்டாம். வைத்தால் நாயின் உரிமை பொலிஸுக்குப் போய்விடும். தடைசெய்யப்பட்ட நாயை வேறு வீட்டுக்கு வளர்க்கக் கொடுக்கவும் அங்கே சட்டம் இல்லை. ஆகவே ஒப்பம் வைத்த நாய் அநேகமாக ஊசி போட்டுக் கொல்லப்படும். “ஒப்பம் வைத்தால் வழக்கு இல்லை” என்று வாயால் சொல்லியிருக்கவும் கூடும். அப்படிச் சொன்னால் அதை எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

சட்டம் இதுதான். பிரித்தானியாவின் 1991ஆம் ஆண்டு ஆபத்தான நாய்கள் சட்டம் பிற்புல் டெரியர், ஜப்பானிய தோசா, டோகோ அர்ஜென்டினோ, பிலா பிரசிலெய்ரோ ஆகிய நான்கு வகைகளைத் தடைசெய்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2023 டிசம்பர் 31 முதல் எக்ஸ்எல் புல்லியை விற்பதும் அன்பளிப்பாகக் கொடுப்பதும் குற்றம். 2024 பெப்ரவரி 1 முதல் விலக்குச் சான்றிதழ் (தடைசெய்த நாயை நிபந்தனைகளோடு வைத்திருக்கத் தரும் அனுமதி) இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். உயர்ந்தபட்சத் தண்டனை ஆறு மாதச் சிறையும் எல்லையில்லாத தண்டப்பணமும்.

கடித்ததா என்பது இந்தக் குற்றத்துக்குத் தேவையே இல்லை. மருத்துவக் காட்டில் என்ன எழுதியிருக்கிறது, தாய் நாய் என்ன சாதி என்பதும் பெரிதாக உதவாது. சட்டம் ‘இனம்’ என்று சொல்லாமல் ‘வகை’ என்று சொல்கிறது. அது இனத்தைவிட விரிந்த சொல் என்று 1993இலேயே நீதிமன்றம் தீர்த்துவிட்டது. உடலமைப்பைத்தான் பார்ப்பார்கள். எக்ஸ்எல் புல்லி என்றால் ஆண் நாய் தோள்மேட்டில் 20 அங்குலமாவது (51 செ.மீ.), பெண் நாய் 19 அங்குலமாவது (48 செ.மீ.) இருக்க வேண்டும். அதோடு தலை, மூஞ்சி, நெஞ்சு, கால் பற்றிய அரச அளவுகோலில் கணிசமான பங்கு பொருந்த வேண்டும். உயரம் மட்டும் போதாது. உயரம் குறைந்தால் மற்றதெல்லாம் பொருந்தினாலும் அது எக்ஸ்எல் புல்லி ஆகாது. நாய் நிற்கும் நிலையைப் பொறுத்து அரை அங்குலம் கூடிக் குறையும் என்பதால், பொலிஸின் அளவு எல்லைக்கோட்டை ஒட்டி இருந்தால் சுயாதீன நிபுணர் ஒருவர் திரும்ப அளப்பது அவசியம்.

நியாயம் பற்றிக் கேட்டீர்கள். என் பார்வையில் இந்தச் சட்டத்தின் மிகக் கோணலான இடம் 5ஆம் பிரிவின் 5ஆம் உட்பிரிவு. வழக்குத் தொடுப்பவர் ‘இது தடைசெய்த வகை’ என்று சொன்னாலே போதும், அப்படித்தான் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டும் சுமை எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், தலையில். வன்னியில் இருப்பவர்களுக்கு இந்தத் தலைகீழ் புதிதல்ல. பயங்கரவாதத் தடைச் சட்டத்திலும் வாக்குமூலம் வற்புறுத்தி எடுக்கப்பட்டது என்று எதிரியே காட்ட வேண்டியிருக்கிறது. நாய் விடயத்தில் இலங்கையின் பொதுச் சட்டமான உரோமன் டச்சுச் சட்டம் இதைவிட நேரானது: நாய் என்ன செய்தது என்று கேட்கும். ஆனால் ‘சட்டம் அநியாயம்’ என்பது லண்டன் நீதவானுக்கு முன்னால் எதிர்வாதம் ஆகாது. அதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

மகனுக்கு இரண்டு பாதைதான். ஒன்று, ‘இது அந்த வகை அல்ல’ என்று எதிர்ப்பது. நிபுணரின் சாட்சியத்தை முன்வைக்கப் போவதாகக் குறைந்தது 14 நாட்களுக்கு முன் எதிர்த்தரப்புக்கு அறிவித்தல் கொடுக்காவிட்டால் அந்தச் சாட்சியத்தைக் கேட்கவே மாட்டார்கள். நல்ல வழக்குகள் இந்த ஒரு தவறால் கவிழ்ந்துவிடும். மற்றது, வகையை ஒத்துக்கொண்டு, நாய் பொதுமக்களுக்கு ஆபத்தில்லை என்று காட்டுவது. 1991இல் கொல்வது கட்டாயமாக இருந்தது. 1997 திருத்தத்துக்குப் பிறகு நீதிமன்றத்துக்குத் தெரிவு உண்டு. நாயின் குணம், அதன் முன்நடத்தை, வளர்ப்பவர் தகுந்தவரா என்ற மூன்றையும் பார்ப்பார்கள். திருப்தி என்றால் விலக்குப் பெறுவதற்கு இரண்டு மாதம் தருவார்கள். அதற்குள் கருத்தடைச் சத்திரசிகிச்சை, மைக்ரோசிப், மூன்றாம் தரப்புக் காப்புறுதி, 92.40 பவுண் கட்டணம் எல்லாம் முடிய வேண்டும். முடியாவிட்டால் நாயைக் கொல்லும் கட்டளை நடைமுறைக்கு வரும்.

இங்கேதான் விசாவை யோசிக்க வேண்டும். குற்ற வழக்குப் போடாமல், நாயைப் பற்றி மட்டும் தீர்மானிக்கும்படி அதே நாய்கள் சட்டத்தின் 4பி பிரிவின் கீழ் பொலிஸ் நீதிமன்றத்தைக் கேட்கலாம். அதில் மகனின் பெயரில் குற்றத்தீர்ப்பு விழாது. வழக்காகப் போய்த் தண்டப்பணம் மட்டும் விதித்தாலும் அது குற்றப்பதிவுதான். பிறகு விசா, குடியுரிமை விண்ணப்பங்களில் சொல்லியாக வேண்டும். பொலிஸ் தரும் ‘எச்சரிக்கை’யை ஏற்றாலும் பதிவு விழும். ஆகவே சொலிசிட்டர் முதலில் எழுதிக் கேட்க வேண்டியது 4பி வழியை. விசாரணைக்குக் கூப்பிட்டால் பொலிஸ் நிலையத்தில் சட்ட ஆலோசனையும் தமிழ் மொழிபெயர்ப்பாளரும் இலவசம். குட்டி எப்போது, யாரிடம் வந்தது என்பது கூட்டாளியையும் மாட்டிவிடும் பதில் என்பதால், ஆலோசனைக்கு முன் மகன் அதைப் பற்றி வாய் திறக்க வேண்டாம். பிடித்தது பார்க்கில் என்பதால் ஆணை தேவைப்படவில்லை. வீட்டுக்குள் வந்து பிடித்திருந்தால் நீதவானின் ஆணையைக் கேட்டிருக்கலாம்.

மாதக்கணக்கில் நாய் பொலிஸ் கூட்டில் கிடப்பதைத் தவிர்க்க இன்னொரு வழி, இடைக்கால விலக்கு. பொலிஸ் சம்மதித்தால், அதே நிபந்தனைகளோடு தீர்ப்புவரை நாய் வீட்டில் இருக்கலாம். இதை அவர்களாகச் சொல்லாமல் விடக்கூடும். கேட்க வேண்டும்.

கிராம சேவையாளரின் நற்சான்றிதழுக்காக அலைய வேண்டாம் அம்மா. அங்கே எடுபடுவது வேலைகொடுப்பவரின் கடிதம், நாயைப் பார்த்த மிருக வைத்தியரின் கடிதம், வேலி போட்ட பின்வளவின் படம். எல்லாவற்றுக்கும் மேலாக, வாடகை வீடென்றால் நாய் வைக்கலாம் என்ற வீட்டுக்காரரின் எழுத்துச் சம்மதம். நாலைந்து பொடியள் சேர்ந்திருக்கும் வீட்டில் வழக்குத் தோற்பது அநேகமாக இந்தக் கடிதம் இல்லாததால்தான். ‘அண்ணன் பெயரில் மாற்றுவோம்’ என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். பிடிபட்ட பிறகு புதிதாக முளைக்கும் பொறுப்பாளரை நீதிமன்றம் ஏற்காது.

வன்னிக்கு அனுப்புவது இப்போதைக்கு நடக்காது. நாய் பொலிஸ் காவலில் இருக்கிறது. விடுபட்டாலும் அதை யாருக்கும் கொடுக்கக் கூடாது. இலங்கைக்குள் எந்த நாயைக் கொண்டுவரவும் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் இறக்குமதி அனுமதி முன்கூட்டியே வேண்டும்.

விலக்குக் கிடைத்தால் வெளியில் எப்போதும் வாய்ப்பூட்டும் கயிறும் வேண்டும், 16 வயதுக்குக் குறைந்தவர் கையில் கயிறு இருக்கக் கூடாது, பொலிஸ் கேட்டால் ஐந்து நாட்களுக்குள் சான்றிதழைக் காட்ட வேண்டும். நாய் மகனின் விலாசத்திலேயே இருக்க வேண்டும். வேறிடத்தில் விடுவதற்கு 12 மாதத்தில் 30 நாட்கள்தான் உண்டு. வற்றாப்பளைப் பொங்கலுக்கு வரும் மகனை ஒன்றரை மாதம் மறித்து வைத்திருக்க நினைத்தால், அந்தக் கணக்கைப் பார்த்துக்கொண்டு ரிக்கெற் போடச் சொல்லுங்கள்.