சீன மாணவர்கள் விளக்கை 'ஓப்பன்' செய்வது ஏன்?

'ஓப்பன்' என்றால் மூடியிருப்பதைத் திறப்பது: கதவு, பெட்டி, புத்தகம். விளக்குக்கு ஆங்கிலத்தில் 'டர்ன் ஆன்' என்பார்கள். ஆனாலும் ஆங்கிலம் கற்கும் சீன மாணவர்கள் பலர் 'ஓப்பன் த லைட்' என்கிறார்கள். சீனாவின் பொதுமொழியான மாண்டரினில் 'காய்' என்ற ஒரே வினைச்சொல்தான் எல்லாவற்றுக்கும்: 'காய் மென்' என்றால் கதவைத் திற, 'காய் தெங்' என்றால் விளக்கைப் போடு, 'காய் ச்செ' என்றால் வண்டி ஓட்டு.

நம் 'போடு' இல்லையா? லைட் போடுகிறோம், டீ போடுகிறோம், சட்டை போடுகிறோம், சண்டையும் போடுகிறோம். இதை எண்ணினால் அந்த மாணவர்கள்மேல் பரிவுதான் வரும்.

மின்கருவி எதற்குமே 'ஓப்பன்' வராது என்று நினைத்துவிட வேண்டாம்: கணினியில் கோப்பை 'ஓப்பன்' செய்வது சரியே, டிவியை 'ஓப்பன்' செய்தேன் என்றால்தான், திருகாணி கழற்றிப் பின்மூடியைத் திறந்ததாகப் பொருளாகும்.