வெட்டாமல் மாற்றுங்கள்: பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் பற்றி வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் 1965 எம்ஜிபி ரோட்ஸ்டர் (கூரையில்லாத பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) இருக்கிறது. மாலை நெரிசலில் கொழும்பின் காலி (Galle) வீதியில் வெள்ளவத்தையைத் தாண்டுவதற்குள் சூட்டு முள் மேலே ஏறிவிடுகிறது. எலெக்ட்ரிக் ஃபேனும் அலுமினிய ரேடியேற்றரும் போடச் சொல்கிறார் மெக்கானிக். போட்டால் காரின் ஒரிஜினல் தன்மை கெட்டுவிடுமா?
– வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: ஃபேன் போடுவதால் எதுவும் கெடாது, விரும்பாவிட்டால் கழற்றிவிடலாம். ஆனால் அதை இப்போதே வாங்கவேண்டாம். எலெக்ட்ரிக் ஃபேன் இல்லாமலே இந்தக் கார் வெப்ப நாடுகளில் ஓடியிருக்கிறது. இப்போது சூடேறுகிறது என்றால் எங்கோ அடைத்திருக்கிறது, அல்லது ஏதோ அளவு தவறியிருக்கிறது. அதை விட்டுவிட்டு ஃபேனை மாட்டினால் கோளாறு மறையுமே தவிரத் தீராது.

எஞ்சின் ஆறியபின் புளொக்கின் வலப்பக்கம், பின்புறத்தில் உள்ள வடிகுழாயைத் திறந்து பாருங்கள். தண்ணீர் வராவிட்டால் நான்காவது சிலிண்டரைச் சுற்றிச் சேறு இறுகியிருக்கிறது. கம்பியால் குத்தி, தெர்மோஸ்டாட்டை (சூடேறினால் தண்ணீருக்குத் திறக்கும் வால்வு) கழற்றிவிட்டு, மேலிருந்தும் கீழிருந்தும் மாறிமாறி ஹோஸ் தண்ணீர் அடிக்க வேண்டும். தெளிந்த தண்ணீர் வரும்வரை நிறுத்தாதீர்கள். பிறகு காரை ஓட்டிச் சூடாக்கி நிறுத்தி, ரேடியேற்றரின் முகத்தைக் கையால் தடவிப் பாருங்கள். குளிர்ந்த திட்டுகள் இருந்தால் அந்தக் குழாய்கள் அடைத்தவை. பித்தளைத் தொட்டிகள் இரண்டையும் வைத்துக்கொண்டு நடுவிலுள்ள குழாய்த் தொகுதியை (core) மட்டும் மாற்றச் சொல்லுங்கள். மூன்று வரிசைக் குழாய் இருந்த இடத்தில் நான்கு வரிசை வைத்தாலும் வெளியே தெரியாது. அலுமினியம் தேவைப்படாது.

அடுத்தது டைமிங், அதாவது சிலிண்டரில் தீப்பொறி விழும் நேரம். பற்றவைப்பு பிந்தினால் சூடு ஏறும். 92 ஒக்டேன் பெற்றோலில் எஞ்சின் தட்டுகிறது என்று பல கராஜ்களில் டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறார்கள். எஞ்சின் நம்பரில் எச் எழுத்து இருந்தால் அமுக்கவிகிதம் 8.8:1. அதற்கு 95 ஊற்றி, டைமிங்கைப் புத்தக அளவில் வையுங்கள். தெர்மோஸ்டாட் 82 பாகை என்றால் வெப்ப நாட்டுக்கான 74 பாகையைப் போடலாம். தெர்மோஸ்டாட்டே இல்லாமல் ஓட்டாதீர்கள்.

இவ்வளவும் செய்தபின்னும் முள் ஏறினால் ஃபேன் வாங்குங்கள். அப்போது வேறொரு சிக்கல் வரும். உங்கள் காரில் இருப்பது லூக்கஸ் சி40 டைனமோ. முழு வேகத்தில் அது தருவது 22 அம்பியர், ஐட்லிங்கில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஃபேன் ஏறத்தாழ 10 அம்பியர் இழுக்கும், அதுவும் கார் ஊர்ந்துகொண்டிருக்கும் நேரத்தில்தான். ஹெட்லைட்டும் எரிந்தால் பற்றரியிலிருந்துதான் எல்லாம் போகும். ஆகவே ஃபேன் என்றால் ஓல்டர்னேற்றரும் வேண்டும். ஓல்டர்னேற்றர் என்றால், பொசிட்டிவ் எர்த் ஆக, அதாவது பற்றரியின் பொசிட்டிவ் முனை உடலோடு இணைந்து வந்த காரை நெகட்டிவ் எர்த் ஆக்க வேண்டும்.

ஆசனங்களுக்குப் பின்னால் உள்ள இரண்டு 6 வோல்ட் பற்றரிகளையும் திருப்பி வையுங்கள். பொசிட்டிவ் முனை சற்றுத் தடிப்பானது என்பதால் கிளாம்ப்களையும் மாற்றவேண்டிவரும். கொயிலின் இரண்டு வயர்களை இடம் மாற்றுங்கள். ஆர்பிஎம் மீற்றரை உள்ளே பிரித்து வயரைத் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் அது வேலை செய்யாது. எஸ்யு பெற்றோல் பம்பைப் புதிதாகப் போட்டிருந்தால் உள்ளே டயோட் இருக்கக்கூடும். மேலே எந்த எர்த்துக்கு உரியது என்று குறித்திருப்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் சரிபார்த்த பிறகே பற்றரியை இணையுங்கள். ஒரு கணம் மாற்றி இணைத்தாலும் ஓல்டர்னேற்றரின் டயோட்கள் எரிந்துபோகும். டைனமோவின் மின்னைக் கட்டுப்படுத்திய பழைய கன்ட்ரோல் பொக்ஸைக் கழற்றாமல் வயர் சந்திப்பாக மட்டும் பயன்படுத்தலாம். டைனமோவையும் பிராக்கெட்டுகளையும் எண்ணெய் பூசி, பெயர் எழுதிக் கட்டி வையுங்கள்.

கேள்வி: 1966 எம்ஜிபி. தெற்கு அதிவேக வீதியில் 100 கிலோமீற்றர் வேகத்தில் எஞ்சின் அலறுகிறது. டொயோட்டா ஐந்து கியர் பொக்ஸ் போட்டுத் தருகிறோம், டன்னலை (கியர் பொக்ஸை மூடும் நடுத்தரை மேடு) கொஞ்சம் வெட்டவேண்டும் என்கிறார்கள். செய்யலாமா?
– வாசகர், தெஹிவளை

பதில்: வெட்டவேண்டாம். கூரையில்லாத காரில் பாரத்தைத் தாங்குவது சில்லும் (sill, கதவுக்கு அடியில் ஓடும் பெட்டித் தகடு) டன்னலும் தரையும்தான். அந்தத் தகட்டை வெட்டித் திரும்ப ஒட்டினால் பழைய உறுதி வராது, பிற்பாடு யாரும் நேர்செய்யவும் முடியாது. போல்ட்டால் மாட்டியதைக் கழற்றலாம். கட்டரால் எடுத்ததைத் திரும்ப வைக்க வழியில்லை. எந்த மாற்றத்தையும் இந்த அளவுகோலால் பாருங்கள்.

உங்கள் தேவைக்குக் கம்பனியே தந்த வழி லேகொக் ஓவர்டிரைவ், அதாவது கியர் பொக்ஸின் பின்னால் பொருந்தி எஞ்சின் சுழற்சியைக் குறைக்கும் துணைக் கியர். பின் அச்சிலுள்ள 3.909 விகித டிஃப்ரென்ஷியலுடன் 100 கிலோமீற்றர் வேகத்தில் நான்காம் கியர் ஏறத்தாழ 3,500 ஆர்பிஎம்மில் சுழலும். 0.802 விகித ஓவர்டிரைவ் போட்டால் 2,800க்கு இறங்கும். ஆனால் வாங்கும்போது கவனம். 1967 இறுதியிலிருந்து வந்த பொக்ஸ் முதல் கியரிலும் சிங்க்ரோ (கியர் உரசாமல் விழச்செய்யும் அமைப்பு) உள்ளது, உடம்பும் பெரியது. அதற்கென டன்னலையே அகலமாக்கினார்கள். உங்கள் காரில் அது நுழையாது. அதற்கு முந்திய பொக்ஸை, டி வகை ஓவர்டிரைவோடும் அதற்குரிய ப்ரொப் ஷாஃப்டோடும் (பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் தண்டு) சேர்த்தே வாங்குங்கள். ஓவர்டிரைவும் கியர்பொக்ஸும் ஒரே ஒயிலைப் பகிர்பவை. ஊற்றவேண்டியது 20டபிள்யூ-50 எஞ்சின் ஒயில். இங்கே வழக்கமாக ஊற்றுகிற கியர் ஒயிலை ஊற்றினால் உள்ளே கோன் கிளட்ச் வழுக்கும். பிறகு பொக்ஸ் பழுது என்று பழி வரும்.

கேள்வி: விலை பேசிக்கொண்டிருக்கும் எம்ஜிபியின் செசி நம்பர் ஜிஎச்என்3 என்று தொடங்குகிறது. எஞ்சின் நம்பர் 18வி. ஒரிஜினல் கார்தானா?
– வாசகர், வத்தளை

பதில்: கார் 1967க்குப் பிந்தியதல்ல. எஞ்சின் 1971க்கு முந்தியதல்ல. இரண்டும் ஒன்றாகப் பிறந்தவை அல்ல. 1964 இறுதிக்குப் பிந்திய ஜிஎச்என்3 என்றால் 18ஜிபி இருந்திருக்கவேண்டும். 48ஜி என்று தொடங்கும் தகடு இருந்தால் அது கம்பனி புதுப்பித்துக் கொடுத்த மாற்று எஞ்சின், அதில் தவறில்லை.

18வி நல்ல எஞ்சின். அதற்காகக் காரை ஒதுக்கவேண்டாம், விலையைக் குறையுங்கள். ஆனால் சிஆரில் (வாகனப் பதிவுச் சான்றிதழ்) எந்த எஞ்சின் நம்பர் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். பொருந்தாவிட்டால், நாரஹேன்பிட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவைத் திருத்தித் தரும் பொறுப்பை விற்பவரிடமே விடுங்கள். பணம் கைமாறியபின் அந்த அலைச்சல் உங்களுடையது. பழைய எஞ்சின் எங்காவது மூலையில் கிடக்கிறதா என்றும் கேளுங்கள். புளொக் வெடித்திருந்தாலும் அதை விலைக்குள் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் கேய்டனிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் கட்டணத்துக்கு ஹெரிட்டேஜ் சான்றிதழ் தருகிறது. தயாரித்த நாள், நிறம், முதல் எஞ்சின் நம்பர் எல்லாம் தொழிற்சாலைப் பதிவேட்டிலிருந்து அதில் வரும்.

கேள்வி: அப்பா ஓட்டிய 1970 எம்ஜி மிட்ஜெட். கம்பனிப் பச்சை பெயின்ற் மங்கிவிட்டது, சில்லில் துரு தெரிகிறது. முழுவதும் சிவப்பாக அடித்துவிடலாமா?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: தயவுசெய்து அவசரப்படாதீர்கள். ஐம்பது வருடத்துக்கு மேல் நின்ற கம்பனிப் பெயின்ற் இந்த ஊரில் அருமையான சரக்கு. கார்பெட்டின் அடியிலும் டிக்கியின் உட்புறத்திலும் அதே பச்சை இருந்தால் அது முதல் பூச்சுதான். டிக்கி மூடியில் ஓர் உள்ளங்கை அளவு இடத்தை மென்மையான பொலிஷால் கையால் தேய்த்துப் பாருங்கள். துணியில் பச்சை ஏறும், அடியில் பளபளப்பு வரும். மெஷின் வைக்கவேண்டாம், விளிம்புகளில் பூச்சு மெல்லியது.

துரு வேறு விடயம், அதைத் தள்ளிப்போடக்கூடாது. கடற்காற்றின் உப்பு சில்லை உள்ளிருந்து தின்னும். வெளியே ஒரு ரூபாய்க் குற்றி அளவு கொப்புளம் தெரிந்தால் உள்ளே ஒரு சாண் போயிருக்கும். அதன்மேல் பட்டி (putty) அப்பி மூடவிடாதீர்கள். சில்லை வெட்டுவதற்கு முன் கதவு வாசலில் குறுக்கே இரும்புச் சட்டம் வெல்ட் பண்ண வேண்டும். கார் நான்கு சக்கரங்களில் நிற்கவும் வேண்டும். இதைச் செய்யாமல் வெட்டினால் உடல் நடுவில் தொய்ந்து, கதவு பிறகு மூடாது. புதுத் தகட்டுக்குப் பிறகு உட்குழிக்குள் மெழுகு அடித்து, வடிகால் துளைகளைத் திறந்துவிடுங்கள். பெயின்ற் அந்தப் பகுதிக்கு மட்டும், அதே பச்சையில்.

கேள்வி: காரோடு வந்த முதல் ஸ்பெயார் டயரில் பூ (தரையைப் பிடிக்கும் வரிகள்) நன்றாக இருக்கிறது. போட்டு ஓட்டலாமா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: கூடாது. கண்காட்சிக்கு டிக்கியில் வையுங்கள். ஓட்டுவதற்குப் புது டயர் வாங்கி, பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்கங்களைப் படியுங்கள். முதல் இரண்டும் வாரம், பின் இரண்டும் வருடம். பிரேக் ஹோஸையும் பெற்றோல் ஹோஸையும் அதேபோலப் புதிதாகவே போடுங்கள். ரப்பரில் ஒரிஜினல் பார்க்கவேண்டாம். பிரேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சும், கொழும்புக் காற்றில் வருடத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடுங்கள்.