டேப் வந்தாச்சு, நோட்டு போகலை!

(பதில்: குன்னூரில் வசிக்கும், ஓய்வு பெற்ற செவிலியர் கண்காணிப்பாளர்)

கேள்வி: கோத்தகிரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் வார்டு இன்சார்ஜாக இருக்கிறேன். கேஸ் ஷீட்டுக்குப் பதிலாக டேப் (கையடக்கக் கணினி) கொடுத்திருக்கிறார்கள். சீனியர் சிஸ்டர்கள் நோட்டில் எழுதிவைத்து, டியூட்டி முடியும்போது மொத்தமாக டேப்பில் ஏற்றுகிறார்கள். ‘உங்க ஆட்களை நீங்கதான் வழிக்குக் கொண்டுவரணும்’ என்கிறது நிர்வாகம். என்ன செய்யட்டும், மேடம்?

பதில்: ஆட்கள் இருக்கட்டும், முதலில் வைஃபையைப் பாருங்கள் சிஸ்டர். நம்ம மலையில் பழைய ஆஸ்பத்திரிக் கட்டடங்களின் சுவர் எவ்வளவு தடிமன் என்று உங்களுக்கே தெரியும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் நர்சிங் ஸ்டேஷனில் சிக்னல் முழுசாக இருக்கும். கடைசிக் கட்டிலுக்குப் போனால் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். சிஸ்டர் என்ன செய்வார்? பி.பி.யை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு திரும்புவார். வழியில் யாராவது ‘ட்ரிப் தீர்ந்துபோச்சு’ என்று கூப்பிடுவார்கள். கையைக் கழுவியதும் பி.பி.யும் போச்சு. டெமோ காட்ட வந்த கம்பெனிக்காரர் இதையெல்லாம் எங்கே பார்த்தார்? அவர் வந்தது பகல் பதினோரு மணிக்கு.

ஒரு நைட் டியூட்டி முழுக்க ஒரு சீனியர் சிஸ்டர் கூடவே நடந்து, எங்கெங்கே நோட்டை எடுக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். டேப்பில் சார்ஜ் இருக்காது. ஒரு மருந்தைப் பதிய நான்கு திரை தாண்டணும். கையுறையோடு தொட்டால் எடுக்காது. அந்தப் பட்டியலோடு நிர்வாகத்திடம் போங்கள். நைட்டிங்கேல் அம்மையாரும் அதைத்தான் செய்தார். கிரிமியப் போரில் காயத்தைவிட நோயால் செத்த சிப்பாய்களே அதிகம் என்பதை 1858-ல் வண்ண வரைபடமாகப் போட்டுக் காட்டினார். நாமோ அவர் கையிலிருந்த விளக்கைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம்!

மொத்தமாக ஏற்றுவதில் உள்ள ஆபத்தையும் சிஸ்டர்களிடம் சொல்லுங்கள். ராத்திரி 2 மணிக்கு இறங்கிய பி.பி. காலை 7 மணிக்குத்தான் டேப்பில் ஏறுகிறது என்றால், வீட்டிலிருந்து பார்க்கும் டாக்டருக்கு அதுவரை ஒன்றுமே தெரியாது. சீனியர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். சின்னப் பெண்கள் பார்க்கத் தட்டுத் தடுமாறுவதுதான் அவர்களுக்குச் சங்கடம். தனியாக உட்கார வைத்து, டியூட்டி நேரத்திலேயே சொல்லிக் கொடுங்கள். டியூட்டி முடிந்த பிறகு என்றால் எல்லார் மனசும் பஸ்ஸில்தான் இருக்கும்.

அப்புறம், தேதி குறித்து நோட்டை எடுத்துவிடுங்கள். அது இருக்கிறவரை டேப்பை யாரும் நம்பப் போவதில்லை. மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போகிற ஊர் நம்முடையது; அந்த நேரத்துக்கென்று அச்சடித்த தாள் ஒரு கட்டு ஸ்டேஷனில் இருக்கட்டும். கரண்ட் வந்ததும் அதை யார் ஏற்றுவது என்றும் முன்கூட்டியே பேசிவையுங்கள். ஒருத்தர் பாஸ்வேர்டில் இன்னொருத்தர் பதிவது மட்டும் கூடவே கூடாது, எவ்வளவு அவசரமானாலும்.

கேள்வி: ஊட்டிக் குளிரில் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் சில சமயம் ரத்த ஆக்சிஜன் அளவைக் குறைவாக, 86 என்று காட்டுகிறது. நோயாளி சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கிறார். மெஷின் கோளாறா?

பதில்: விரல் சில்லிட்டிருந்தால் ரத்த ஓட்டம் குறைந்து அளவு தப்பாகக் காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்குங்கள், நகப்பூச்சு இருந்தால் துடையுங்கள், திரையில் அலை சீரான பிறகு எண்ணைப் படியுங்கள். மெஷின் காட்டும் நாடித்துடிப்பும் நீங்கள் விரல் வைத்து எண்ணியதும் ஒத்துப்போகிறதா பாருங்கள். வேறு விரலிலும் குறைவாகவே இருந்தால் டாக்டரைக் கூப்பிடுங்கள். மூச்சு வாங்குகிறவரிடம் இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம், உடனே கூப்பிடணும்.