தொலைநோக்கியும் ஒரு ஹோம் ரன்னும்

கேள்வி: 1951-இல் ப்ரூக்ளின் டாட்ஜர்ஸுக்கு எதிராக நியூயார்க் ஜயன்ட்ஸின் பாபி தாம்சன் அடித்த ஹோம் ரன் (நம் சிக்ஸரைப் போல எல்லைக்கு வெளியே பறக்கும் அடி), பேஸ்பால் உலகில் இன்றும் பேசப்படுகிறது. அது திருட்டுத்தனத்தால் வந்த வெற்றி என்கிறார்களே, உண்மையா?

பதில்: திருட்டுத்தனம் நடந்தது உண்மை. அதனால்தான் வென்றார்கள் என்பதை நான் ஏற்கமாட்டேன்.

ஜயன்ட்ஸின் சொந்த மைதானமான போலோ கிரவுண்ட்ஸில், வீரர்களின் ஓய்வறை மைய எல்லைக்குப் பின்னால் இருந்தது. அங்கிருந்து தொலைநோக்கி வழியாக எதிரணி கேட்சரின் விரல்களைப் பார்ப்பார்கள். பேஸ்பாலில் கேட்சர், நம் விக்கெட் கீப்பரைப் போல, மட்டையாளருக்குப் பின்னால் குத்தவைத்து உட்காருபவர். அடுத்த பந்து எது என்று வீச்சாளருக்கு விரலால் சொல்பவர். அந்தக் குறிப்பு மின்கம்பி வழியாக ஒரு பஸ்ஸருக்குப் போய், அங்கிருந்து சைகையாக மட்டையாளரை அடையும். 2001-இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் இதை விரிவாக வெளியிட்டது.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 11 அன்று லீக் பட்டியலில் டாட்ஜர்ஸ் 13 ஆட்டங்கள் முன்னிலையில் இருந்தது. ஜயன்ட்ஸ் கடைசி 44 ஆட்டங்களில் 37-ஐ வென்று சமன் செய்ததால், லீக் பட்டம் யாருக்கு என்று முடிவு செய்ய மூன்று ஆட்டத் தொடர் தேவைப்பட்டது. முதல் ஆட்டம் டாட்ஜர்ஸின் சொந்த மைதானமான எப்பெட்ஸ் ஃபீல்டில். அங்கே இந்தத் தொலைநோக்கி கிடையாது. அங்கும் தாம்சன் ஹோம் ரன் அடித்தார். வீசியவர் டாட்ஜர்ஸின் ரால்ஃப் பிராங்கா. பின்னர் அந்தப் புகழ்பெற்ற ஹோம் ரன்னுக்குப் பந்து வீசியவரும் அவரேதான்! இரண்டாவது ஆட்டம் போலோ கிரவுண்ட்ஸில். தொலைநோக்கி இருந்த அதே மைதானத்தில் ஜயன்ட்ஸ் 10-0 என்று உதை வாங்கியது. குறுக்குவழி மட்டுமே வெற்றி தருமென்றால் இது எப்படி நடந்தது?

அக்டோபர் 3, மூன்றாவது ஆட்டம். ஒன்பதாவது, அதாவது கடைசி இன்னிங்ஸில் ஜயன்ட்ஸ் ஆடவந்தபோது டாட்ஜர்ஸ் 4-1 என முன்னிலை. டாட்ஜர்ஸ் வீச்சாளர் டான் நியூகோம்ப் களைத்திருந்தார். ஜயன்ட்ஸின் ஆல்வின் டார்க்கும் டான் முல்லரும் பேஸை (ஓட்டம் எடுக்க வரிசையாகத் தொடவேண்டிய இடங்களில் ஒன்றை) பிடிக்க, அதே அணியின் லாக்மேனின் அடியில் ஒரு ஓட்டம் வந்தது. மூன்றாவது பேஸுக்குச் சறுக்கிய முல்லரின் கணுக்கால் பிசகி, அவரை வெளியே தூக்கிச் சென்றார்கள். நியூகோம்புக்குப் பதிலாக பிராங்கா வந்தார். அவரது இரண்டாவது பந்து தாம்சனின் மட்டையில் பட்டு இடப்பக்கச் சுவரைத் தாண்டிப் பார்வையாளர் மாடத்தில் விழுந்தது. 5-4. மற்ற டாட்ஜர்ஸ் வீரர்கள் தலைகுனிந்து நடந்தார்கள். ஜாக்கி ராபின்சன் மட்டும் நகரவில்லை. ஒரு பேஸைத் தொடாமல் விட்டால் அடித்தவரை ஆட்டமிழக்கச் செய்யலாம் என்பதால், தாம்சனின் கால் ஒவ்வொரு பேஸிலும் படுகிறதா என்று பார்த்தபடி நின்றார். தோற்றுவிட்ட நொடியிலும் விதிப்படி ஒரு வாய்ப்பு மிச்சமிருக்கிறதா என்று தேடிய அந்த மனிதரை நினைத்தால் எனக்கு உடல் சிலிர்க்கிறது.

அந்தப் பந்துக்குத் தனக்குக் குறிப்பு வரவில்லை என்று தாம்சன் சொன்னார். நான் அவரை நம்புகிறேன்.

கேள்வி: பந்து வீசிய பிராங்கா பிறகு என்ன ஆனார்?

பதில்: என் மனம் அவர் பக்கம்தான். அப்போது அவருக்கு வயது 25. மாற்று வீச்சாளர்கள் கை சூடேற்றும் இடத்தில் கார்ல் எர்ஸ்கின் வீசிய வளைபந்து தரையில் பட்டுத் தெறித்ததால், பிராங்காவை அனுப்பினார்கள். அந்த ஒரு பந்துக்காக ஊர் வாய் அவரை ஆயுள் முழுக்க மென்றது. தொலைநோக்கி விஷயம் 1950-களிலேயே அவர் காதுக்கு எட்டிவிட்டது. வெளியே சொல்லியிருந்தால் பழி இறங்கியிருக்கும். சொல்லவில்லை. தாம்சனோடு நட்பாகி, மேடைகளில் ஒன்றாக நின்று, அந்த ஹோம் ரன் படங்களில் சேர்ந்து கையெழுத்திட்டார். தாம்சன் 2010-இல் மறைந்தார், பிராங்கா 2016-இல். ஹோம் ரன்னைக் கொண்டாடுகிறவர்கள் பிராங்காவின் இந்தப் பொறுமையையும் சேர்த்துப் பேசவேண்டும்.

கேள்வி: அன்றைய வானொலி வர்ணனை இப்போது கேட்கக் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். ரஸ் ஹாட்ஜஸ், ஜயன்ட்ஸ் வென்றுவிட்டது என்று தொண்டை கிழியத் திரும்பத் திரும்பக் கத்துவதைக் கேட்கலாம். ப்ரூக்ளினில் வசித்த ஒரு ஜயன்ட்ஸ் ரசிகர், வேலைக்குப் போகுமுன் ஆட்டத்தின் கடைசிப் பகுதியைப் பதிவு செய்யும்படி அம்மாவிடம் கேட்டுக்கொண்டார். அந்த அம்மா மறக்காமல் செய்ததால்தான் அந்தக் குரல் பிழைத்தது.