கருத்தரங்குக் கட்டுரை: இந்தியா அண்டை நாடுகளுக்குக் காவலா, மிரட்டலா?

தம்பி, காரைக்குடியில் முதுகலை படிப்பதாகவும், காவலா மிரட்டலா என்று பக்கம் எடுக்க முடியாமல் கட்டுரை தொடக்கத்திலேயே நிற்பதாகவும் எழுதியிருந்தீர்கள். பக்கமே எடுக்க வேண்டாம். பெரிய நாட்டிடம் இரண்டும் சேர்ந்தேதான் இருக்கும்.

1988 நவம்பரில் மாலத்தீவில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்தது. அதிபர் கயூம் உதவி கேட்டதும் அன்றிரவே ஆக்ராவிலிருந்து நம் வீரர்கள் போய் இறங்கினார்கள். அதே மாலத்தீவு 2024இல் இந்திய ராணுவத்தினரைத் திருப்பி அனுப்பியது.

ஆனால் கட்டுரையின் பெரும்பகுதியை இலங்கைக்குக் கொடுங்கள். தமிழர் பிரச்சினைக்காக இந்தியாவும் இலங்கையும் போட்ட 1987 ஜூலை ஒப்பந்தத்தைப் பற்றி எல்லோரும் எழுதுவார்கள். அதோடு ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் மாற்றிக்கொண்ட கடிதங்களை அவசியம் படியுங்கள். இந்திய நலனுக்குப் பாதகமாகத் திருகோணமலையையோ வேறு துறைமுகத்தையோ எந்த நாட்டின் ராணுவமும் பயன்படுத்த விடுவதில்லை என்று அதில் இருக்கிறது. தமிழர் பிரச்சினைக்காகப் போட்ட ஒப்பந்தத்தில் துறைமுகம் ஏன் வந்தது? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே போங்கள். அந்த ஒப்பந்தப்படி இலங்கைக்கு அனுப்பிய இந்திய அமைதிப்படையில் போய்த் திரும்பாத சுமார் 1,200 வீரர்களையும், அங்கே செத்துப்போன நம் சனங்களையும் விட்டுவிடாதீர்கள். இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை.

அப்புறம், பெரிய நாட்டின் பலம் எங்கே நின்றுவிடுகிறது என்பதற்கு நம் ஊரே சாட்சி. பர்மா 1948இல் நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. நம் பக்கத்துச் செட்டியார்கள் அங்கே வைத்திருந்த நெல்வயல்கள் போயின. டெல்லியால் மீட்டுத் தர முடியவில்லை. கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளில் விசாரியுங்கள். பர்மா காலத்துப் பத்திரமோ பேரேடோ வைத்திருக்கிற ஆச்சிமார் யாராவது இருந்தால், அதையே முதல் ஆதாரமாக வையுங்கள்.