பாரம்பரியச் சின்னங்களைப் பாதுகாக்க நிபுணர்கள் போதாதா, உள்ளூர் மக்களை ஏன் கேட்க வேண்டும்?

போதாது என்பதுதான் என் பதில். சின்னம் என்றதும் கல்லும் சுவரும்தான் கண்ணில் படும், ஆனால் அதைத் தாங்குவது சுற்றியுள்ள மண்ணும் நீரும். கம்போடியாவின் அங்கோரில் கோயில்கள் மணல் அடுக்கின் மேல் நிற்கின்றன, அந்த மணல் உறுதியாக இருக்க ஈரம் வேண்டும். பக்கத்து சியம் ரீப் நகரில் சுற்றுலா பெருகி, ஹோட்டல்கள் நிலத்தடி நீரை இஷ்டத்துக்கு உறிஞ்சினால், கோயிலுக்குள் யாரும் ஒரு கல்லைத் தொடாமலே அடித்தளம் ஆட்டம் காணும். அதனால்தான் அங்கே பழைய நீர்த்தேக்கங்களையும் கால்வாய்களையும் திரும்பச் சீரமைக்கிறார்கள். வேலி போட்டுக் காவலாளி வைத்தால் நடக்கிற வேலையா இது? அந்தத் தண்ணீரைப் பயன்படுத்தும் ஊர்க்காரர்களும் சேர்ந்தால்தான் நடக்கும்.

சரி, மக்கள் பங்கேற்பு என்றால் என்ன? திட்டமெல்லாம் அச்சாகி வந்த பிறகு ஒரு கூட்டம் போட்டுக் கையெழுத்து வாங்குவது இல்லை (பெரும்பாலும் நடப்பது அதுதான்). முடிவெடுக்கும் இடத்தில் அவர்களுக்கு ஓட்டு இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் உலுரு என்ற பெரும்பாறை இருக்கும் பூங்காவில், 1985-ல் நிலம் அங்குள்ள பூர்வகுடிகளான அனங்கு மக்களிடம் திருப்பித் தரப்பட்டது, பூங்கா நிர்வாகக் குழுவில் அவர்களே பெரும்பான்மை. அந்தக் குழு 2017-ல் எடுத்த முடிவால்தான் 2019 அக்டோபரில் பாறையில் ஏறுவது நின்றது. யுனெஸ்கோவின் உலக பாரம்பரியக் குழுவே 2007-ல்தான் 'சமூகங்கள்' என்பதைத் தன் இலக்குகளில் சேர்த்தது, உலக பாரம்பரிய உடன்படிக்கையோ 1972-லேயே வந்துவிட்டது!

அப்புறம் காசு விஷயம். மாடி கட்டாதே, கிணறு தோண்டாதே என்ற கட்டுப்பாடெல்லாம் அங்கே குடியிருப்பவர் தலையில், டிக்கெட் வருமானம் மட்டும் வேறெங்கோ போகிறது என்றால் யார் ஒத்துழைப்பார்கள்? எந்தத் திட்டத்திலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.