மாடல் சொல்லும் வறுமையும் அரசு சொல்லும் வறுமையும் பொருந்தவில்லை: எடையைத் திருத்தலாமா?

கேள்வி: குழந்தைகள் உள்ள ஏழைக் குடும்பங்களுக்கு வருமான வரம்பு பார்த்துத் தரப்படும் உதவித்தொகையை உயர்த்தினால் வறுமையும் ஏற்றத்தாழ்வும் எவ்வளவு குறையும் என்பது என் ஆய்வு. யூரோமாட் மென்பொருளில் எழுதிய வரி–நலத்திட்ட மாடலைக் குடும்ப வருமான சர்வே தரவில் ஓட்டினேன். தொகையை உயர்த்தாமல், இருக்கிற சட்டப்படி ஓட்டியதற்கே வறுமை விகிதம் 14.2 சதவீதம் என்று வருகிறது. அதே சர்வேயிலிருந்து அரசு வெளியிட்ட விகிதம் 17.6. உதவித்தொகை வாங்கும் குடும்பங்கள் மாடலில் 4.4 லட்சம், துறையின் ஆண்டறிக்கையில் 3.1 லட்சம். தரவு ஆலோசகர் ஒருவர் சர்வேயின் எடைகளைத் திருத்தி இரண்டு எண்களையும் அச்சு அசலாகப் பொருத்தித் தருகிறேன் என்று கட்டணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். உங்கள் மாடல் கெட்டுப்போகவில்லை. அது என்ன செய்யுமோ அதைத்தான் செய்திருக்கிறது.

இந்த மாடல் என்பது சட்டத்தைக் கணினிக்குப் புரியும்படி எழுதி வைத்தது, அவ்வளவுதான். சர்வேயில் உள்ள ஒவ்வொரு குடும்பத்தையும் எடுத்து, சம்பளம், வயது, பிள்ளைகள் எண்ணிக்கை எல்லாம் பார்த்து, இவர்கள் கட்ட வேண்டிய வரி இவ்வளவு, பெற வேண்டிய உதவி இவ்வளவு என்று கணக்குப் போட்டு, கைக்கு வரும் வருமானத்தைச் சொல்கிறது. ‘வேண்டிய’ என்ற சொல்லைக் கவனியுங்கள். தகுதி உள்ள எல்லோரும் விண்ணப்பித்து, எல்லோருக்கும் முழுத்தொகை கிடைத்துவிட்டதாக மாடல் எடுத்துக்கொள்கிறது. நிஜத்தில் பலருக்குத் திட்டம் இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களில் சிலர் படிவத்தைப் பார்த்தே திரும்பிவிடுவார்கள். ஆகவே மாடலில் பயனாளிகள் அதிகமாகவும் வறுமை குறைவாகவும் வருவது எதிர்பார்க்க வேண்டிய விஷயம். உங்களுடைய இரண்டு முரண்பாடுகளும் பெரும்பாலும் ஒரே காரணத்திலிருந்து வருகின்றன.

இப்போது ஆலோசகர் செய்யப்போவதைப் பார்ப்போம். சர்வேயில் ஒரு குடும்பம் நாட்டில் உள்ள 500 குடும்பங்களுக்குப் பதிலாக நிற்கிறது என்றால் அதன் எடை 500. வறுமை விகிதத்தை 14.2லிருந்து 17.6க்கு ஏற்ற அவர் ஏழைக் குடும்பங்களின் எடையைக் கூட்டியாக வேண்டும். கூட்டினால் என்ன ஆகும்? அந்த ஏழைக் குடும்பங்களில் உதவித்தொகை வாங்குபவர்களும் சேர்ந்தே கூடுவார்கள், 4.4 லட்சம் இன்னும் மேலே போகும். அதையும் 3.1 லட்சத்துக்கு இறக்கு என்று மென்பொருளிடம் சொன்னால், அதற்கு ஒரே வழிதான் உண்டு. பிள்ளை உள்ள ஏழைக் குடும்பங்களின் எடையைக் குறைத்து, பிள்ளை இல்லாத ஏழைகளின் எடையை ஊதிப் பெருக்கும். இரண்டு எண்களும் பொருந்திவிடும். ஆனால் நீங்கள் ஆராய வந்த கூட்டத்திலேயே ஒரு பெரும்பகுதி தரவில் காணாமல் போயிருக்கும். பிறகு குழந்தை உதவித்தொகையை உயர்த்திப் பார்த்தால் விளைவு குறைவாகத்தான் வரும். “இந்தத் திட்டத்தால் பெரிய பயன் இல்லை” என்று ஆய்வேட்டில் எழுதுவீர்கள். பணம் கொடுத்து வாங்கிய பொய் அது.

சரியான வழிக்கு வருவோம். முதலில் மாடலை மூடி வையுங்கள். சர்வேயிலேயே குடும்பங்கள் சொன்ன வரி, சொன்ன உதவித்தொகை எல்லாம் பதிவாகியிருக்கும். அவற்றை மட்டும் வைத்து வறுமை விகிதத்தை நீங்களே கணக்கிடுங்கள். 17.6 வர வேண்டும். வராவிட்டால் கோளாறு உங்கள் கணக்கு முறையில் இருக்கிறது, மாடலை நோண்டிப் பயனில்லை. பலர் இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

இங்கே வழுக்கும் இடங்கள் மூன்று. ஒன்று, குடும்ப அளவுக்கு ஏற்ப வருமானத்தை வகுப்பது. ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு) பெயரில் வழங்கும் திருத்திய அளவுகோலில் முதல் பெரியவருக்கு 1, 14 வயதும் அதற்கு மேலும் உள்ள மற்ற ஒவ்வொருவருக்கும் 0.5, 14 வயதுக்குக் குறைந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் 0.3. கணவன், மனைவி, இரண்டு சிறு பிள்ளைகள் என்றால் 2.1. குடும்பத்துக்கு 4,200 வந்தால் ஒவ்வொருவர் கணக்கிலும் 2,000 எழுத வேண்டும். 4,200ஐ நாலால் வகுத்து 1,050 என்று எழுதினால் பெரிய குடும்பங்கள் எல்லாம் ஒரேயடியாக ஏழைகளாகிவிடும். இரண்டு, குடும்பத்துக்கு ஒரே வரிசை (row) என்று தரவைச் சுருக்கிவிட்டு, எடையை ஆள் எண்ணிக்கையால் பெருக்க மறப்பது. வறுமை விகிதம் ஆட்களை எண்ணுவது, வீடுகளை அல்ல. மூன்று, ஆண்டு. வருமானம், வாழ்க்கை நிலை பற்றி ஐரோப்பிய ஒன்றியம் நடத்தும் சில்க் (EU-SILC) சர்வே பெரும்பாலான நாடுகளில் முந்தைய காலண்டர் ஆண்டின் வருமானத்தைத்தான் கேட்கிறது. 2022 சர்வேயில் இருப்பது 2021 வருமானம். அதன் மீது 2022 சட்டத்தை ஓட்டிவிட்டு அரசு எண்ணோடு ஒப்பிட்டால் எப்படிப் பொருந்தும்?

17.6 வந்துவிட்டதா? இனி மாடலைத் திறந்து எல்லாக் கணக்கீடுகளையும் அணைத்துவிடுங்கள். ஒவ்வொன்றின் இடத்திலும் சர்வேயில் சொன்ன தொகை நிற்கட்டும். பிறகு ஒவ்வொன்றாகப் போடுங்கள்: முதலில் வருமான வரி, அடுத்து சமூகக் காப்பீட்டுச் சந்தா, அடுத்து வேலையின்மை உதவி, கடைசியாக உங்கள் குழந்தை உதவித்தொகை. ஒவ்வொரு முறையும் வறுமை விகிதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 3.4 புள்ளி வித்தியாசத்தில் எதற்கு எவ்வளவு பங்கு என்று அரை நாளில் தெரிந்துவிடும். வரியைப் போட்டதும் வறுமை ஏறினால், வரி கட்டாத சிறு தொழில்காரர்களிடமும் மாடல் வரி பிடிக்கிறது என்று பொருளாக இருக்கலாம். உதவித்தொகையைப் போட்டதும் சடாரென்று இறங்கினால், நான் மேலே சொன்ன கதைதான்.

அடுத்து, தகுதி இருந்தும் வாங்காதவர்களை மாடலுக்குள் கொண்டுவருவது. 3.1ஐ 4.4ஆல் வகுத்தால் ஏறக்குறைய 70 சதவீதம். எல்லாக் குடும்பங்களுக்கும் சீட்டுக் குலுக்கி 70 சதவீதம் பேருக்குக் கொடுத்துவிடுவது சோம்பேறி வழி. கொஞ்சம் மெனக்கெடுங்கள். மாடல் தகுதி என்று சொல்லும் 4.4 லட்சம் குடும்பங்களில் எத்தனை பேர் சர்வேயிலேயே “வாங்குகிறோம்” என்று சொல்லியிருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். 2.4 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அவர்களுக்கு அப்படியே கொடுத்துவிடுங்கள். மீதி தேவை 0.7 லட்சம், மீதி உள்ளவர்கள் 2 லட்சம். அவர்களுக்குள் மட்டும் 35 சதவீத வாய்ப்பில் குலுக்குங்கள்.

குலுக்குவதிலும் ஒழுங்கு வேண்டும். ஆளுக்கு ஒரு சீட்டு போடாதீர்கள், குடும்பத்துக்கு ஒன்று. இல்லையென்றால் அப்பாவுக்கு உதவி உண்டு, அம்மாவுக்கு இல்லை என்கிற கூத்து நடக்கும். குலுக்கலுக்கான தற்செயல் எண்ணை ஒருமுறை உருவாக்கித் தரவிலேயே ஒரு நெடுவரிசையாகச் சேமித்துவிடுங்கள். இப்போதைய சட்டத்துக்கு ஒரு குலுக்கல், உயர்த்திய தொகைக்கு இன்னொரு குலுக்கல் என்று ஓட்டினால், நீங்கள் அளப்பது திட்டத்தின் விளைவை அல்ல, சீட்டு மாறியதன் விளைவை. தொகையை உயர்த்தும்போது வருமான வரம்பும் மாறிப் புதிதாகத் தகுதி பெறும் குடும்பங்களுக்கு 70 சதவீதம் வைத்து ஒருமுறை, 50 வைத்து ஒருமுறை ஓட்டி இரண்டையும் காட்டுங்கள்.

மேலே உள்ள எண்ணிக்கையில் இன்னொரு சேதியும் ஒளிந்திருக்கிறது. துறை 3.1 லட்சம் பேருக்குக் கொடுத்திருக்க, சர்வேயில் அதைவிடக் குறைவான பேர்தான் வாங்கியதாகச் சொல்கிறார்கள் என்றால், சிலர் வாங்கியதைச் சொல்லவில்லை. அப்படியானால் அரசின் 17.6லேயே வறுமை கூடுதலாகக் காட்டப்பட்டிருக்கிறது. அது வேதவாக்கு அல்ல. உண்மை பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில் கிடக்கிறது. துறையின் பதிவேட்டையும் சர்வேயையும் புள்ளியியல் அலுவலகமே இணைத்துக் கொடுத்தால் இந்தத் தலைவலி ஒரே நாளில் தீரும். பதிவேடு ஒரு கட்டடத்தில், சர்வே இன்னொரு கட்டடத்தில், நடுவில் கையெழுத்தாகாத ஒப்பந்தம் ஒன்று. சரி, பயனாளிகளைக் குடும்ப வகைவாரியாகவாவது ஆண்டறிக்கையில் பிரித்துப் போடலாமே என்றால் அதற்கும் மனம் வராது. ஒரே ஒரு மொத்த எண்ணை அச்சிட்டுவிட்டு, மாடல் துல்லியமாக இல்லை என்று குறை மட்டும் சொல்வார்கள்.

மாத வருமானம் பற்றியும் ஒரு வார்த்தை. சர்வே ஆண்டு வருமானத்தைக் கேட்கும். மாடல் அதைப் பன்னிரண்டால் வகுத்துக்கொள்ளும். ஆறு மாதம் 2,000 சம்பாதித்து ஆறு மாதம் சும்மா இருந்தவர் மாடலில் மாதம் 1,000 வாங்குபவராகத் தெரிவார். உதவி வரம்பு 800 என்றால் மாடலில் அவருக்கு ஒன்றுமில்லை. நிஜத்தில் ஆறு மாதம் உண்டு. எத்தனை மாதம் வேலை என்ற கேள்வி சர்வேயில் இருந்தால் பயன்படுத்துங்கள்.

இனி இடைத்தரகர்கள். யூரோமாட் மென்பொருள் இலவசம். இன்று அதைப் பராமரிப்பது ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆராய்ச்சி மையம். அதே மென்பொருளில் வளரும் நாடுகளுக்காக எழுதிய சவுத்மாட் மாடல்கள் (தான்சானியா, கானா, ஈக்வடார் போன்றவை) ஆய்வாளர்களுக்கு விலையின்றிக் கிடைக்கின்றன. இவற்றைப் பெயர் மாற்றி, நாலு வண்ணப் படத்தோடு ‘எங்கள் சொந்த மாடல்’ என்று விற்பவர்களிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: “ஒரு பெற்றோர், இரண்டு பிள்ளைகள், மாதச் சம்பளம் பூஜ்யத்திலிருந்து 50, 50ஆக 5,000 வரை; ஒவ்வொரு படியிலும் கைக்கு வரும் தொகையைக் காட்டுங்கள், எந்தச் சட்டப்பிரிவால் எவ்வளவு என்றும் சொல்லுங்கள்.” சட்டத்தைப் படித்து எழுதியவர் உடனே காட்டுவார். மற்றவர் கூட்டம் ஒன்று ஏற்பாடு செய்யலாம் என்பார். தரவையும் சேர்த்துத் தருகிறேன் என்பவரிடம் இன்னும் ஜாக்கிரதை. சர்வேயின் குடும்பவாரித் தரவு பெரும்பாலும் ஒப்பந்தத்தின் பேரில், பெயர் குறிப்பிட்ட ஆய்வாளருக்கு மட்டுமே தரப்படுகிறது. கைமாறி வந்த பிரதியில் யார் எந்த நெடுவரிசையைத் தொட்டார்கள் என்று உங்களால் கண்டுபிடிக்கவே முடியாது. மாட்டிக்கொண்டால் உங்கள் நிறுவனத்துக்கே தரவு நின்றுபோகலாம்.

எடையைத் தொடவே கூடாதா? ஒரு இடத்தில் தொடலாம். இதை நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் ஆலோசகர் இதைத்தான் சாக்காகச் சொல்வார். சர்வே எடுத்தபின் நாட்டு மக்கள்தொகையின் அமைப்பே மாறியிருந்தால், அதாவது முதியோர் பெருகியிருந்தால், ஒரு பகுதியிலிருந்து மக்கள் வெளியேறியிருந்தால், குடும்ப அளவு சுருங்கியிருந்தால், புதிய மக்கள்தொகைக் கணக்குக்கு எடையைப் பொருத்துவது முறையான வேலை. நிபந்தனை ஒன்றுதான்: பொருத்துவது வயது, பால், பகுதி, குடும்ப அளவு, வேலை நிலை போன்றவற்றுக்கு, அதாவது மாடலுக்குள் நுழைபவற்றுக்கு. வறுமை விகிதம், பயனாளி எண்ணிக்கை, ஏற்றத்தாழ்வை அளக்கும் கினி குறியீடு போன்று மாடலிலிருந்து வெளியே வருபவற்றுக்கு ஒருநாளும் பொருத்தக் கூடாது. பொருத்தியபின் பழைய எடையால் புதிய எடையை ஒவ்வொரு குடும்பத்துக்கும் வகுத்துப் பாருங்கள். மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே, மூன்று மடங்குக்கு மேலே போனவை நிறைய இருந்தால் நிறுத்திவிடுங்கள். இன்னொரு சோதனை: எல்லா எடைகளையும் கூட்டி வர்க்கப்படுத்துங்கள், அதை எடைகளின் வர்க்கங்களைக் கூட்டிய தொகையால் வகுங்கள். நாலு குடும்பங்களுக்குத் தலா 100 எடை என்றால் விடை 4. அதே 400ஐ 10, 10, 10, 370 என்று பிரித்தால் விடை 1.17. நாலு குடும்பத்தைக் கேட்டிருந்தும் ஒரு குடும்பத்தைக் கேட்ட பலன்தான். பொருத்தியபின் உங்கள் சர்வேயின் இந்த எண் பாதியாகச் சரிந்தால் அந்த எடைகளைக் குப்பையில் போடுங்கள். உங்கள் விஷயத்தில் இந்த விதிவிலக்கு பொருந்தாது. அரசின் வறுமை விகிதமும் உங்கள் விகிதமும் ஒரே சர்வே, ஒரே எடையிலிருந்து வந்தவை. அந்த வித்தியாசம் எடைகளின் குறையால் வந்திருக்க வழியே இல்லை.

கடைசியாக, உயர்த்திய தொகையை ஓட்டும்போது வறுமைக் கோட்டைக் கவனியுங்கள். இடைநிலை வருமானத்தில் (எல்லோரையும் வருமான வரிசையில் நிறுத்தினால் சரியாக நடுவில் நிற்பவரின் வருமானத்தில்) 60 சதவீதம் என்பது கோடு என்றால், திட்டத்தால் இடைநிலை வருமானம் நகரும்போது கோடும் நகரும். இப்போதைய சட்டத்தில் கிடைத்த கோட்டை அப்படியே நிறுத்தி ஒரு விடை, நகரவிட்டு ஒரு விடை, இரண்டையும் போடுங்கள். உதவித்தொகையின் உச்சவரம்பு கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் கூட்டமாகக் குடும்பங்கள் கோட்டருகே குவிந்து நிற்கும். சிறு உயர்வுக்கே விகிதம் தடாலென்று விழும், அல்லது அசையவே அசையாது. 50, 70 சதவீதக் கோடுகளிலும் பாருங்கள். கோட்டுக்குக் கீழே எவ்வளவு ஆழத்தில் இருக்கிறார்கள் என்று காட்டும் வறுமை இடைவெளியையும் சேருங்கள். கினி குறியீட்டைக் கணக்கிடுமுன், தொழிலில் நட்டம் காட்டி வருமானம் எதிர்மறையாக உள்ளவர்களைப் பூஜ்யமாக்கினீர்களா, விட்டுவிட்டீர்களா என்று எழுதுங்கள்.

இவ்வளவும் செய்தபின் மாடலின் 14.2 ஏறி 16.5 அளவில் நின்றால், மீதி ஒரு புள்ளியைத் துரத்தாதீர்கள். சர்வே எண்ணுக்கே அவ்வளவு பிழை இடைவெளி இருக்கலாம். ஒரே குடும்பங்களை, ஒரே குலுக்கலோடு, இரண்டு சட்டங்களில் ஓட்டுவதால் முன்னும் பின்னும் உள்ள வித்தியாசத்தின் பிழை தனித்தனி விகிதங்களின் பிழையைவிடப் பெரும்பாலும் சிறியதாகவே இருக்கும். அந்த வித்தியாசத்தைத் தலைப்பு அட்டவணையில் போடுங்கள். அரசு எண்ணோடு எஞ்சிய இடைவெளியையும், ஒவ்வொரு படியிலும் குறித்துவைத்த விகிதங்களையும் பின்னிணைப்பில் போடுங்கள்.